ராணிப்பேட்டைக்குள் ஒரு பெயிண்டர்: கையிலிருக்கும் எழுத்துகளில் ஆங்கிலச் சொல் தேடுவது எப்படி?

வேலூரிலிருந்து ராணிப்பேட்டைக்கு 7 வருடம் பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தேன். ஆற்காட்டைத் தாண்டி, பாலாற்றுப் பாலத்தைக் கடந்தால் ஊர் வந்துவிடும். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் கடைப் பலகைகளையும் வண்டிகளில் எழுதியிருப்பதையும் படித்துக்கொண்டே போவேன். ஒரு நாள் பாலத்துக்கு முன்னால் வண்டிகள் தேங்கி நின்றுவிட்டன. பக்கத்தில் ஒரு லாரி. அதன் கதவில் ராணிப்பேட்டை என்று ஆங்கிலத்தில், 7 எழுத்து. வேறு எதுவும் பார்க்க இல்லாததால் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த எழுத்துகள் இடம் மாறி 'பெயிண்டர்' என்று வந்து நின்றன. ஓர் எழுத்துகூட மிச்சமில்லை, குறையவும் இல்லை.

அன்று வந்த சந்தோஷம் இன்னும் இருக்கிறது. அப்புறம் நம் பக்கத்து ஊர்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். ஆற்காட்டின் 5 எழுத்தும் சேர்ந்து 'ஆக்டர்' ஆகிறது. ஆம்பூருக்குள் இரண்டு முழுச் சொற்கள் இருக்கின்றன. அவற்றைப் பின்னால் சொல்கிறேன், அதற்குள் நீங்களே கண்டுபிடித்துவிட்டால் ரொம்ப மகிழ்ச்சி.

நான் தமிழ் வழியில் படித்தவன். ஆங்கிலச் சொல் விளையாட்டெல்லாம் கான்வென்ட் பிள்ளைகளுக்கு உரியது என்று நெடுநாள் ஒதுங்கியிருந்தேன். அது தப்பு என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். ஆயிரக்கணக்கான சொற்களை மனப்பாடம் செய்தவர்தான் இதைச் செய்ய முடியும் என்பதில்லை. எழுத்துகளைக் கையாளத் தெரிந்தால் போதும், உங்களுக்குத் தெரிந்த சாதாரணச் சொற்களே வரிசையாக வெளியே வரும். பெயிண்டர் தெரியாதவர் யார்?

தொடங்கும் முன் ஒரு ஏற்பாடு. தமிழில் எழுதும்போது ஆங்கிலத்தின் இரண்டு 'பி'யும் ஒன்றுபோல் இருக்கும், இரண்டு 'டி'யும் அப்படித்தான். போனில் பெயர் சொல்லும்போது 'டைகர் டி'யா 'டாக் டி'யா என்று கேட்போமே, அதே மாதிரி இங்கே பந்து பி, பேனா பி, நாய் டி, புலி டி என்று எழுதுகிறேன். பந்து பி வரிசையில் இரண்டாவது எழுத்து. பேனா பி ஓ-வுக்கு அடுத்தது. நாய் டி நான்காவது. புலி டி எஸ்-க்கு அடுத்தது.

முதலில் கேள்வி என்ன என்று பாருங்கள்

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான். 'இந்த எழுத்துகள் உள்ள சொல்' என்று சொன்னால் அது ஒரு கேள்வி இல்லை, நான்கைந்து கேள்வி.

எல்லா எழுத்தையும் ஒரே ஒரு முறை பயன்படுத்தி, வெளியிலிருந்து எதுவும் சேர்க்காமல் சொல் கேட்பது ஒரு வகை. ராணிப்பேட்டையிலிருந்து பெயிண்டர் வந்தது அப்படி. கொடுத்ததில் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்பது இன்னொரு வகை. வேலூர் என்பதன் ஆங்கில எழுத்துகள் வி, இ, எல், எல், ஓ, ஆர், இ. இதிலிருந்து லவ், ரோல், ஓவர், எவர், லீவர், லெவல் எல்லாம் எடுக்கலாம். லெவலுக்கு இரண்டு எல், இரண்டு இ வேண்டும். வேலூரில் இரண்டும் இரண்டிரண்டு இருப்பதால் சரி. ரோலர் வேண்டும் என்றால் முடியாது, இரண்டு ஆர் இல்லை. எந்த எழுத்து எத்தனை முறை இருக்கிறது என்பதை எப்போதும் எண்ணிக்கொள்ளுங்கள். சில விளையாட்டுகளில் ஒரே எழுத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விதி இருக்கும், அதையும் முன்னாலேயே படித்துவிடுங்கள்.

மூன்றாவது வகையில், கொடுத்த எழுத்துகள் சொல்லுக்குள் எங்கேயாவது இருந்தால் போதும், மற்ற எழுத்துகளும் சேரலாம். ஆர், ஏ, ஐ, என் கொடுத்தால் ரெயின், ட்ரெயின், கிரெயின் உடனே வரும். ஒரிஜினல், சர்டன், மெரினா என்பவற்றிலும் இந்த நான்கும் சிதறி இருக்கின்றன, கண்ணுக்குத்தான் சீக்கிரம் படாது. நான்காவது, எழுத்துகள் கொடுத்த வரிசையிலேயே ஒட்டி வரவேண்டும் என்பது. ஆற்காட்டின் கடைசி மூன்று எழுத்து சி, ஓ, புலி டி. இவை அப்படியே ஒட்டி வரும் சொற்கள்: காட்டன், மஸ்காட், பாய்காட், ஏப்ரிகாட். கடைசியாக, குறுக்கெழுத்துப் புதிர் மாதிரி, இந்த எழுத்து இந்தக் கட்டத்தில் என்று இடம் குறித்துக் கேட்பது.

எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் தேடினால் அரை மணி நேரம் வீண்.

காகிதத்தில் வட்டமாக எழுதுங்கள்

எழுத்துகளை வரிசையாக எழுதினால் கண் அதைப் பழைய சொல்லாகவே படிக்கும். ராணிப்பேட்டை ராணிப்பேட்டையாகவே தெரியும். அதனால் வட்டமாக எழுதுங்கள். உயிரெழுத்துகளான ஏ, இ, ஐ, ஓ, யூ எவை உண்டோ அவற்றை நடுவில் வையுங்கள். மற்றவை சுற்றி. அப்புறம் காகிதத்தைச் சுற்றிச் சுற்றிப் பாருங்கள். பழைய கல்யாணப் பத்திரிகையின் அட்டையைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, எழுத்துக்கு ஒன்றாக எழுதி நகர்த்திப் பார்ப்பது இன்னும் நல்லது. கை நகரும்போது கண்ணும் நகரும்.

கண்மூடித்தனமாக மாற்றி மாற்றிப் பார்ப்பது மட்டும் வேண்டாம். வெவ்வேறான 5 எழுத்தை 120 விதமாக அடுக்கலாம். 7 எழுத்து என்றால் 5,040 விதம். வேலூரில் இ-யும் எல்-லும் இரண்டிரண்டு என்பதால் 1,260 ஆகக் குறையும், அதுவும் ஒரு மனிதர் உட்கார்ந்து பார்க்கிற எண்ணிக்கை இல்லை. இவற்றில் பெரும்பாலானவை வாயில் நுழையாதவை. அவற்றை ஒதுக்கிவிட்டு நேராக நல்ல இடத்துக்குப் போகத்தான் அடுத்த இரண்டு வழிகள்.

வாலைப் பிடியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த வழி இது, ஒன்றே ஒன்று கற்றுக்கொள்வதானால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன்.

ஆங்கிலச் சொற்களில் திரும்பத் திரும்ப ஒரே வால்கள்தான் வரும். தமிழில் வேர்ச்சொல்லோடு விகுதி சேர்வது மாதிரி. செய்பவரைக் குறிக்க இ-ஆர், இறந்தகாலத்துக்கு இ-நாய் டி, நடந்துகொண்டிருப்பதற்கு ஐ-என்-ஜி, பன்மைக்கு எஸ். கொஞ்சம் நீளமான சொற்களில் 'மென்ட்', 'ஷன்', 'ஏபிள்', 'னெஸ்'. கையில் இருக்கும் எழுத்துகளில் இந்த வால் ஏதாவது இருந்தால் அதைப் பிரித்து வலப்பக்கம் ஓரமாக வைத்துவிடுங்கள். மிச்சம் இருப்பது சின்னக் கணக்கு.

ராணிப்பேட்டையையே எடுப்போம்: ஆர், ஏ, என், ஐ, பேனா பி, இ, புலி டி. இதில் இ-யும் ஆர்-ரும் இருக்கின்றன. இரண்டையும் ஓரம் வையுங்கள். மிச்சம் ஏ, என், ஐ, பேனா பி, புலி டி. இந்த ஐந்தில் செய்கிற வேலை ஏதாவது இருக்கிறதா? பெயிண்ட். வாலை ஒட்டினால் பெயிண்டர்.

இதோடு நிறுத்தாதீர்கள். அதே இரண்டு எழுத்தைத் திருப்பி முன்னால் கொண்டுபோங்கள். ஆர்-இ, அதாவது 'ரீ'. மறுபடியும் செய்வதைக் குறிக்கும் முன்னொட்டு. ரீபெயிண்ட், மறுபடி வண்ணம் பூசுவது. இரண்டாவது சொல் கிடைத்துவிட்டது. சொல்லின் தலையில் வருபவற்றையும் இப்படி ஒரு பட்டியலாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ரீ, அன், இன், டிஸ், ப்ரீ, ஓவர், அவுட்.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. ரீடெயின், கன்டெயின், மெயின்டெயின் எல்லாம் கேட்டிருப்பீர்கள். இவற்றின் கடைசி நான்கு எழுத்தும் ஒன்றே: புலி டி, ஏ, ஐ, என். அதைப் பிரித்து வைத்தால் மிச்சம் பேனா பி, இ, ஆர். பெர்டெயின். 'தொடர்புடையதாக இருத்தல்' என்று பொருள். ஆக, ஒரே ஊர்ப்பெயரில் மூன்று முழுச் சொற்கள், மூன்றுமே வாலையும் தலையையும் பிரித்து வைத்ததால் கிடைத்தவை.

என் அக்கா மகள் ஏழாவது படிக்கிறாள். போன லீவில் இதே எழுத்துகளைக் கொடுத்து உட்கார வைத்தேன். பென், டின், நெட், டீ, ரெயின் என்று பக்கம் நிறைய எழுதிவிட்டு, "மாமா, சின்னச் சின்னதாவே வருது, பெரிசு ஒண்ணுமே வரல" என்றாள். "பெரிசைத் தேடாதம்மா. கடைசில எது ஒட்டும்னு மட்டும் பாரு" என்றேன். ஐந்து நிமிடத்தில் பெயிண்டர் வந்துவிட்டது. அவள் எழுதிய சின்னச் சொற்களும் வீணில்லை. ரெயின், பெயின் இரண்டிலும் ஏ-யும் ஐ-யும் சேர்ந்து வந்ததை அவள் கண் பழகிக்கொண்டதால்தான் பெயிண்ட் அவ்வளவு சுலபமாகப் பிடிபட்டது.

எது முதலில் வரும், எது கடைசியில் வராது

மொழிமுதல் எழுத்து, மொழியிறுதி எழுத்து என்று பள்ளியில் படித்தோமே, அந்தப் பாடம் இங்கே அப்படியே உதவும். ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசை தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. வல்லின மெய் கடைசியில் நிற்காது. அதனால்தான் பேச்சில் பஸ்ஸு, புக்கு என்று ஓர் உகரம் சேர்த்துக்கொள்கிறோம். ஆங்கிலத்துக்கும் இப்படிப் பழக்கங்கள் இருக்கின்றன. யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

வி-யில் ஆங்கிலச் சொல் முடிவது மிக அரிது. நாம் உகரம் சேர்ப்பது மாதிரி அவர்கள் ஓர் ஊமை இ-யைச் சேர்ப்பார்கள்: லவ், கிவ், ஹேவ், ஃபைவ், எல்லாவற்றிலும் கடைசி எழுத்து இ. ஆகவே வேலூரின் வி-யைக் கடைசியில் வைத்துப் பார்க்கவே வேண்டாம். வி-க்குப் பின்னால் இ-யை ஒட்டிவைத்துவிட்டு மற்றதைத் தேடுங்கள். லவ் வரும், லவர் வரும், லீவர் வரும், கொண்டாடுவதைக் குறிக்கும் ரெவெல் வரும்.

க்யூ இருந்தால் பக்கத்தில் யூ-வைத் தேடுங்கள், கிட்டத்தட்ட எப்போதும் சேர்ந்தே வருவார்கள். சி-கே, என்-ஜி இரண்டும் சொல்லின் தொடக்கத்தில் வராது, நடுவிலோ கடைசியிலோ வரும். ஜே கடைசியில் நிற்பது அபூர்வம். எச் கையில் இருந்தால் அதைத் தனியாக விடாதீர்கள். சி, எஸ், புலி டி, டபிள்யூ, பேனா பி, ஜி என்று யாரோடாவது சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தமிழ் எழுதுகிறபடி ஒலிக்கும் என்று பழகியவர்கள் நாம். ஆங்கிலத்தில் காது ஏமாற்றும். லேம்ப் என்கிற விளக்கில் கடைசி எழுத்து பேனா பி, லேம் என்கிற ஆட்டுக்குட்டியில் கடைசி எழுத்து பந்து பி, ஆனால் அது ஒலிக்காது. தம் என்கிற கட்டைவிரலும் கோம் என்கிற சீப்பும் அதே கதை. ஆகவே வாய்க்குள் சொல்லிப் பார்த்து 'இது சொல் இல்லை' என்று ஒதுக்கிவிடாதீர்கள். எழுதிப் பாருங்கள்.

ஆம்பூர் கொஞ்சம் கடினம்

ஏ, எம், பந்து பி, யூ, ஆர். இ இல்லாததால் வால்கள் எதுவும் ஒட்டாது. பார், ஆர்ம், ரம், ரப், ராம் என்று மூன்றெழுத்துகள் தாராளமாக வரும். ஐந்தும் சேர்ந்து வர, ஏ-யைக் கடைசியில் வைத்துப் பாருங்கள். ஏ-யில் முடியும் ஆங்கிலச் சொற்களில் பல, லத்தீனிலிருந்தோ ஸ்பானிஷிலிருந்தோ வந்து தங்கியவை. பீட்சா, சோஃபா மாதிரி வேறு மொழிகளிலிருந்து வந்தவையும் உண்டு. எம்-மும் பந்து பி-யும் ஒட்டிப் பழகியவை, அவற்றை நடுவில் வையுங்கள். யூ, எம், பந்து பி, ஆர், ஏ: அம்ப்ரா. கிரகணத்தின்போது விழும் நிழலின் கருமையான நடுப்பகுதி, லத்தீனில் நிழல். வேலூர் வெயிலில் நாம் பிடிக்கும் அம்ப்ரெல்லாவும் நிழல் என்னும் அந்தப் பொருளில் பிறந்த சொல்தான். ஆர்-ரை முன்னால் கொண்டுவந்தால் ரும்பா, கியூபாவின் நடனம்.

இந்த இரண்டையும் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. வராத சொல்லை விட்டுவிட்டு வேறு வேலை பார்த்துவிட்டு வந்தால் சில சமயம் தானாக வந்து நிற்கும்.

இடம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

2021-இல் ஜோஷ் வார்டில் வெளியிட்டு, 2022-இல் நியூயார்க் டைம்ஸ் வாங்கிய வேர்டில் விளையாட்டை உங்கள் வீட்டிலும் யாராவது ஆடிக்கொண்டிருப்பார்கள். மறைந்திருக்கும் 5 எழுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்க 6 வாய்ப்பு. எழுத்தும் இடமும் சரியென்றால் பச்சை, எழுத்து உண்டு ஆனால் இடம் வேறு என்றால் மஞ்சள், இல்லவே இல்லை என்றால் சாம்பல்.

ஆற்காட்டுக்காரரான ஆக்டரையே முதல் சொல்லாகப் போடுங்கள். ஐந்துமே அடிக்கடி வரும் எழுத்துகள். கடைசி ஆர் பச்சை, புலி டி மஞ்சள், மற்ற மூன்றும் சாம்பல் என்று வைத்துக்கொள்வோம். ஆர்-ரில் முடிகிறது, ஏ-யும் ஓ-வும் கிடையாது, ஆகவே வால் பெரும்பாலும் இ-ஆர். நான்காம் இடம் இ-க்குப் போய்விட்டது. புலி டி மூன்றாம் இடத்தில் மஞ்சள் காட்டியதால் அங்கே இல்லை. மீதி முதல் இடம் அல்லது இரண்டாம் இடம். டைகர், டைமர், ட்யூனர், ஸ்டியர். நான்கு பேர்தான் மனதில் வருகிறார்கள், இன்னும் ஐந்து வாய்ப்பு இருக்கிறது. வாலைப் பிடிக்கும் பழக்கம் இங்கேயும் வேலை செய்கிறது பாருங்கள்.

எந்த எழுத்து அதிகம் வரும் என்பதை ஒருவர் உட்கார்ந்து எண்ணியே இருக்கிறார். எழுத்து வில்லைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் விளையாட்டை 1930-களில் உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ், வேலையிழந்த கட்டடக் கலைஞர். செய்தித்தாள்களில் எழுத்துகளை எண்ணிப் பார்த்துத்தான் எதற்கு எத்தனை வில்லை என்று முடிவுசெய்தார். மொத்தம் 100 வில்லையில் இ மட்டும் 12. ஏ-யும் ஐ-யும் ஒன்பது ஒன்பது. க்யூ, இசட் ஒவ்வொன்றுதான், ஆனால் 10 புள்ளி. கையில் இருக்கும் 7 வில்லையையும் ஒரே தடவையில் இறக்கினால் 50 புள்ளி கூடுதல். பெயிண்டருக்குச் சொந்தப் புள்ளி 9. கூடுதலைச் சேர்த்தால் 59, பலகையில் விழும் கட்டத்தைப் பொறுத்து இன்னும் ஏறும்.

தேடல் கருவிகளை எப்போது தொடலாம்

இணையத்தில் சொல் தேடும் கருவிகள் நிறைய. எழுத்துகளைப் போட்டால் நொடியில் பட்டியல் வரும். 10 நிமிடமாவது கையால் முயன்றுவிட்டு அங்கே போங்கள் என்பது என் வேண்டுகோள். முயலாமல் பார்த்த சொல் மனதில் தங்குவதில்லை.

போனதும் முதலில் எழுத்து எண்ணிக்கையைக் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நூற்றுக்கணக்கில் கொட்டும். 'இவை மட்டும்', 'இவையும் இருக்கவேண்டும்', 'இதில் தொடங்கி', 'இதில் முடிந்து' என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். மேலே வகைகளைப் பிரித்தோமே, அவைதான் இவை. இடம் குறித்துத் தேட, பல கருவிகளில் தெரியாத ஓர் எழுத்துக்கு ஒரு கேள்விக்குறி, எத்தனை எழுத்து என்றே தெரியாத இடத்துக்கு ஒரு நட்சத்திரக்குறி. நான்கு கேள்விக்குறி போட்டு ஆர் போட்டால் ஆர்-ரில் முடியும் 5 எழுத்துச் சொற்கள் மட்டும் வரும். எக்செல்லில் ஒரு சொற்பட்டியல் வைத்திருந்தால் அங்கேயும் இதே இரண்டு குறிகள் வடிகட்ட உதவும்.

கருவி எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று அக்கா மகள் கேட்டாள். 5,040 அடுக்கையும் அது பார்க்கவேண்டியதில்லை. அகராதியில் உள்ள ஒவ்வொரு சொல்லின் எழுத்துகளையும் அகரவரிசையில் அடுக்கி வைத்துக்கொண்டால் போதும். பெயிண்டரை அப்படி அடுக்கினால் ஏ, இ, ஐ, என், பேனா பி, ஆர், புலி டி. பெர்டெயினும் ரீபெயிண்டும் ராணிப்பேட்டையும் அடுக்கினால் அதே வரிசை. வரிசை ஒன்றானால் எழுத்துகள் ஒன்று. நீங்களும் உங்கள் விடையை இப்படியே சரிபார்க்கலாம்.

கவனிக்க ஒன்று. நாம் பள்ளியில் படித்தது பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல். பல கருவிகளும் விளையாட்டுகளும் அமெரிக்க வழக்கைப் பின்பற்றுகின்றன. நமக்குக் கலர் 6 எழுத்து, அவர்களுக்கு யூ இல்லாமல் 5. உங்கள் சொல் ஏற்கப்படவில்லை என்றால் அது தப்பான சொல் என்று நினைத்துவிடாதீர்கள். ஊர்ப்பெயர், ஆள்பெயர், இனப்பெயர் பெரும்பாலும் செல்லாது. ஆற்காட்டின் ஐந்து எழுத்தில் குரோஷியக்காரரைக் குறிக்கும் குரோட் கூட வரும், ஆனால் பெயர்ச்சொல் என்று தள்ளிவிடுவார்கள்.

பட்டியலில் வந்த புதுச் சொல்லுக்குப் பொருள் பார்க்காமல் விடவேண்டாம். வீட்டில் அகராதி இல்லாவிட்டால் மாவட்ட மைய நூலகத்தில் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து பார்க்கலாம். நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒரே எழுத்துகளில் வரும் சொற்களை ஒரே வரியில் எழுதுவேன். லிசன், சைலன்ட், என்லிஸ்ட், டின்செல் நான்கும் அதில் முதல் வரி. ஒன்று நினைவுக்கு வந்தால் மற்ற மூன்றும் பின்னாலேயே வரும்.

சரி, இப்போது உங்கள் முறை. பழைய மாவட்டப் பெயர், நார்த் ஆற்காடு. 1989-இல் பிரிந்துபோன அந்த மாவட்டத்தின் ஆங்கில எழுத்துகள் பத்து: என், ஓ, ஆர், புலி டி, எச், ஏ, ஆர், சி, ஓ, புலி டி. இதில் வயலில் ஓடும் வண்டி ஒன்று, சமையலறைக் காய் ஒன்று, கப்பலில் இருக்கும் பொருள் ஒன்று, பிள்ளைகள் டிவியில் பார்ப்பது ஒன்று, உடலின் ஓர் உறுப்பு, கரண்ட் போனால் தேடுவது ஒன்று இருக்கின்றன. அட்டையை வெட்டி நகர்த்திப் பாருங்கள்.

விடைகள்: ட்ராக்டர், கேரட், ஆங்கர், கார்ட்டூன், த்ரோட், டார்ச்.